பாதி மோடம்

என் மேஜை டிராயரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை கிடக்கிறது. ஒரு விளிம்பில் தங்க முலாம் பூசிய பற்கள். பின்புறத் தகட்டில் டெலிபோன் கம்பியைச் செருக இரண்டு துளைகள். வருஷா வருஷம் போகிக்கு முதல் நாள் என் மனைவி அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். அது மறுபடி டிராயருக்குள் போய்விடும். அவ்வளவுதான் எங்கள் சம்பாஷணை.

இதற்கு மோடம் என்று பெயர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பாஷை ஒன்றும் பூஜ்யமும். டெலிபோன் கம்பிக்குத் தெரிந்தது ஓசை ஒன்றே. இரண்டுக்கும் நடுவே நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொல்லுகிற துபாஷிதான் மோடம். 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். நம் தேசத்துப் பொது ஜனங்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, வீட்டிலிருப்பவர்களுக்கு அது வந்து சேர்ந்தது இந்தத் துபாஷியின் வழியாகத்தான்.

செங்கற்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்த என் மாடி அறைக்கு அது 2001-இல் வந்தது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர். அதன் வயிற்றுக்குள்ளேயே மோடம். "தனியாக வெளியில் வைக்கிற மோடம் விலை ஜாஸ்தி சார், இது உள்ளேயே இருக்கும், தூசி படாது" என்றார் கடைக்காரர். தூசி படாது என்பது வாஸ்தவம்.

நாவல் எழுதுகிறவனுக்கு இன்டர்நெட் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்காக இல்லை. மாமல்லபுரத்தில் எனக்கு ஒரு சிநேகிதன் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் பேனாவைப் பிடித்தேன். அவன் அப்பனுடைய உளியைப் பிடித்தான். அவனுடைய ஒரே பையன் 2002-இல் மலேசியாவுக்குப் போனான். ஈப்போ பக்கத்தில் ஒரு கோயிலுக்கு விமான வேலை. மாமல்லபுரத்துச் சிற்பிகள் கடல் தாண்டிக் கோயில் கட்டப் போவது புதிதல்ல. பையனிடம் கைபேசி கிடையாது. கோயில் கமிட்டி அலுவலகத்தில் ஒரு டெலிபோன். அதில் நினைத்தபோதெல்லாம் பேச முடியாது. ஆகவே வாரம் ஒரு முறை என் விலாசத்துக்கு ஈமெயில் அனுப்புவான். தமிழைத்தான் எழுதுவான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். சிநேகிதனுக்கு இங்கிலீஷ் எழுத்து வாராது. நான் அதைத் தமிழ் எழுத்தில் காகிதத்தில் எழுதி, சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறி முப்பது கிலோமீட்டர் போய்க் கொடுப்பேன். அவன் சொல்லுகிற பதிலை வாங்கி வருவேன். தபால்காரனும் நான்தான், படித்துக் காட்டுகிறவனும் நான்தான். சில சமயம், தகப்பனும் மகனும் எழுதக் கூச்சப்பட்ட ஒரு வார்த்தையை நானே சேர்த்துவிடுவதும் உண்டு. தொழில் புத்தி!

2003-இல் கம்ப்யூட்டருக்கு வைரஸ் பிடித்து விண்டோஸ் படுத்துவிட்டது. என் தங்கையின் மகன் அப்போது இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். "மாமா, லினக்ஸ் போட்டுத் தருகிறேன். காசு கிடையாது, வைரஸ் தொல்லையும் இல்லை" என்றான். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-இல் பொழுதுபோக்காக ஆரம்பித்து, உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து வளர்த்த விஷயம் அது. இரண்டு மணி நேரத்தில் போட்டுவிட்டான். திரை வந்தது, அச்சு யந்திரம் வந்தது, பாட்டுக்கூட வந்தது. மோடம் மட்டும் வரவில்லை.

இரண்டு நாள் மல்லுக்கு நின்றுவிட்டு அவன் சொன்னான்: "மாமா, உங்களிடம் இருப்பது மோடமே இல்லை. பாதி மோடம்."

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்லுகிறேன். அசல் மோடத்துக்குச் சொந்த மூளை உண்டு. டயல் செய், போனை வை என்று ஏ-டி என்று ஆரம்பிக்கும் கட்டளைகளைக் கொடுத்தால், மீதிக் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். ஹேய்ஸ் என்ற கம்பெனி 1981-இல் ஏற்படுத்திய கட்டளைகள் அவை. பிற்பாடு, விலையைக் குறைக்க வேண்டி அந்த மூளையைக் கழற்றிவிட்டார்கள். ஓசையைப் பிரிக்கிற கணக்கை எல்லாம் கம்ப்யூட்டரின் மூளையே போடட்டும் என்று விட்டார்கள். அந்தக் கணக்குக்கான புரோகிராமையும் விண்டோஸுக்கு மட்டும் எழுதினார்கள். அதனால் இந்த ஜாதிக்கு வின்மோடம் என்றே பெயர் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வந்த சமையற்காரர் வெறும் கரண்டியை மட்டும் கொண்டுவந்து, சமையலை வீட்டுக்காரரே செய்துகொள்ள வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அதுவும், தெலுங்கு பேசுகிற வீடானால்தான் வருவேன் என்றால்?

நல்ல வேளையாக, உலகத்தில் இந்த அவஸ்தை எனக்கு மட்டும் இல்லை. லூசென்ட், கானெக்சன்ட், இன்டெல் என்று ஒவ்வொரு சில்லுக்கும் லினக்ஸில் டிரைவர் தேடி ஒரு கூட்டமே அலைந்துகொண்டிருந்தது. என் பலகைக்கு ஸ்மார்ட்லிங்க் கம்பெனியாரின் டிரைவர் பொருந்தும் என்று பையன் கண்டுபிடித்தான். அதை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். இன்டர்நெட் வேண்டுமானால் டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். கடைசியில் மாமல்லபுரத்தில், வெள்ளைக்காரர்களுக்காகத் தெருவுக்கு இரண்டாக இருந்த பிரவுசிங் சென்டர் ஒன்றில் இறக்கி, பிளாப்பியில் கொண்டுவந்தான். அந்த டிரைவரில் பாதி, யார் வேண்டுமானாலும் படிக்கக் கூடிய நிரல். ஓசைக் கணக்கு போடுகிற மறு பாதி, பிரிக்க முடியாத கட்டி. கம்பெனி ரகசியமாம். பாதி மோடத்துக்குப் பாதி திறந்த டிரைவர். ஜோடிப் பொருத்தம் சரிதான்!

அதை அந்த யந்திரத்தின் கெர்னலுக்கு ஏற்றபடி கம்பைல் செய்து சேர்த்தோம். அப்படியும், "டயல் டோன் இல்லை" என்று ஒரே வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. போனை எடுத்துக் காதில் வைத்தால் டோன் ஜம்மென்று கேட்கிறது. நம் ஊர் எக்ஸ்சேஞ்சின் டோன் சில மோடங்களின் காதில் விழுவதில்லை என்றும், டோனுக்குக் காத்திராமல் டயல் செய் என்று சொல்ல ஏ-டி-எக்ஸ்-3 என்று ஒரு கட்டளை உண்டென்றும் தெரிய இன்னும் ஒரு வாரம் பிடித்தது. அந்த நான்கு எழுத்தைச் சேர்த்தவுடன், 172 என்று ஆரம்பிக்கும் எண் சுழன்று, பெயரும் கடவுச்சொல்லும் போய், இணைப்பு வந்தது. விண்டோஸில் மோடம் போட்ட ஊளை இங்கே இல்லை. பரம மௌனம். பையனின் ஐந்து வாரக் கடிதங்கள் வரிசையாக இறங்கின.

2004 டிசம்பர் விடுமுறையில் தங்கை மகன் வந்து, புதிய கெர்னல் ஒன்றைப் போட்டுவிட்டு, "மோடத்துக்கு டிரைவரை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் மாமா. ஊருக்குப் போய்வந்து செய்கிறேன்" என்று திருநெல்வேலிப் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டான்.

26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரை ஒன்பதுக்குள் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. பத்து மணிக்கு ரேடியோவில் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து போனேன். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் எதிரே ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்துகொண்டிருந்தார்கள். கல்பாக்கம் குடியிருப்பில் உயிர்ச்சேதம் என்றார்கள். அணுமின் நிலையம் வெடிக்கப் போகிறது என்று ஒருவர் சத்தியம் செய்தார். உண்மையில் அங்கே ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டிருந்தார்கள். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

சிநேகிதனைப் பிற்பகலில்தான் கண்டுபிடித்தேன். குன்றின் மேல், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். கடலோரத்தில் இருந்த அவன் பட்டறையின் கொட்டகை போய்விட்டது. முடிந்தும் முடியாததுமாக இருந்த விக்கிரகங்கள் மணலுக்குள்.

"மலேசியாவிலும் வந்திருக்கிறதாமே?" என்றான்.

"பினாங்கில். உன் பையன் இருப்பது மலைப் பக்கம்."

"நீ நேரில் பார்த்தாயா?"

அதற்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

செங்கற்பட்டுக்குத் திரும்பும்போது இரவு பத்து மணி. பிரவுசிங் சென்டர்கள் மூடிக் கிடந்தன. கமிட்டி அலுவலகத்துக்கு ஐ.எஸ்.டி. போட்டேன். பாதி நேரம் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் பார்க்கலாமே என்றாள் மனைவி. நியாயம்தான். ஆனால் கல்பாக்கம், மாமல்லபுரம் என்று டெலிவிஷனில் கேட்டுவிட்டு அங்கே ஒருவன் உட்கார்ந்திருப்பான்.

தங்கை மகன் எழுதிவைத்துப் போன நோட்டுப் புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகக் கம்பைல் செய்ய உட்கார்ந்தேன். கெர்னல் மூலம் அகப்படவில்லை என்றது. மறுபடி தட்டினேன், மறுபடி அதையே சொன்னது. புதுக் கெர்னலின் மூலத்தைப் பையன் சேர்க்கவே இல்லை. அது இல்லாமல் டிரைவர் உருவாகாது என்று விளங்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. கோபத்தில் பொத்தானை அமுக்கி யந்திரத்தை நிறுத்தினேன். சிறிது நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, வேறு செய்ய ஒன்றும் தோன்றாமல் மறுபடி போட்டேன்.

தொடக்கத்தில் ஒரு பட்டியல் சில விநாடிகளே வந்து மறையும். அதை நான் கவனித்ததே கிடையாது. அன்றைக்குக் கவனித்தேன். இரண்டு வரிகள் இருந்தன. மேலே புதுக் கெர்னல். கீழே பழைய கெர்னல். புதியதைப் போட்டபோது பழையதை அவன் அழிக்கவில்லை! கீழ்நோக்கு அம்பை ஒரு முறை அமுக்கினேன்.

பழைய கெர்னல் எழுந்தது. பழைய டிரைவர் அதனோடு எழுந்தது. மூன்றாவது தடவை லைன் கிடைத்தது.

கடிதங்கள் பதினொன்று வந்து கிடந்தன, எல்லாம் பையனிடமிருந்து. கடைசியில் வந்தவற்றில் விஷயமே இல்லை, "மாமா" என்ற ஒரு சொல்தான். அவனைப் போலவே இங்கிலீஷ் எழுத்தில், "அப்பா சௌக்கியம், நான் கண்ணால் பார்த்தேன், உனக்கு எப்படி?" என்று அடித்து அனுப்பினேன். அப்போது மணி பன்னிரண்டு நாற்பது. அங்கே அதிகாலை மூன்று பத்து. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இணைத்துப் பார்த்தேன். ஒன்றே காலுக்குப் பதில் வந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை. இரவெல்லாம் திறந்திருக்கும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறானாம். கீழே ஒரு வரி: அப்பாவின் உளிகள் என்ன ஆயின?

மறு நாள் அதைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். சிநேகிதன் மணலைத் தோண்டி உளிப் பையை எடுத்துவிட்டிருந்தான். உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு இரண்டு நாள் தாங்காது. ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெயை ஊற்றி, ஒவ்வோர் உளியாக முக்கித் துடைத்துக்கொண்டிருந்தான். காகிதத்தை வாங்கக் கை ஒழியவில்லை.

"படி" என்றான்.