கட்டைத் துப்பாக்கி

கான்பூரில் ஜாஜ்மவ் பக்கம் ஆட்டோ திரும்பியதுமே வாடை வந்துவிட்டது. சுண்ணாம்பில் ஊறும் தோல், குரோம் தொட்டி, சாக்கடை எல்லாம் கலந்த வாடை. நண்பர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் வாணியம்பாடிக்காரன். பள்ளிக்கூடம் போன வழியெல்லாம் இதே வாடைதான். சொந்த ஊருக்கு வந்தவனைப் போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

நண்பருக்கு அங்கே நகைக்கடை. ரொக்கமும் சரக்குமாக அலைகிற தொழில் என்பதால் உரிமம் வாங்கி, .32 ரிவால்வர் ஒன்று வைத்திருக்கிறார். அதுவும் உள்ளூர்ச் சரக்குதான், கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்தது. அதைக் கட்டி அலைந்ததில் வலது இடுப்பெலும்பின் மேல் தோல் கறுத்துக் காய்த்துவிட்டது. மூன்று உறைகள் வாங்கிப் பார்த்தும் சரிப்படவில்லை. குதிரைச் சேணம் செய்யும் ஒருவர் துப்பாக்கி உறையும் தைப்பார் என்று யாரோ சொல்ல, வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போவது என்றால் நமக்குச் சினிமா வில்லன்தான் நினைவுக்கு வருவான். ஆனால் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் அதைத்தான் கேட்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வடக்கே கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் மாமன்மார்களுக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. ஊர்வலங்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

பட்டறை ஒரு மாடியில் இருந்தது. நான்கு பேர், ஒரே ஜன்னல். முடிந்தும் முடியாததுமாகக் கடிவாளங்கள் தொங்கின. 1857 கலவரத்துக்குப் பிறகு பட்டாளத்துக்குச் சேணமும் பட்டையும் தேவைப்பட, 1860களில் அரசே இங்கே சேணத் தொழிற்சாலை தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் கருவேலம்பட்டை தாராளம், அதிலேயே தோலைப் பதனிட்டார்கள். நம் பக்கம் ஆவாரம்பட்டை செய்த வேலையை இங்கே கருவேலம்பட்டை செய்தது. கான்பூர்ச் சேணத்துக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு. அதைத் தைக்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்களும் தலித்துகளும். கூலி உருப்படிக் கணக்கில்தான்.

உஸ்தாதுக்கு, அதாவது அந்தச் சேணக்காரருக்கு, அறுபது தாண்டியிருக்கும். வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து, பிளந்தபடியே வளர்ந்திருந்தது. நண்பர் மூன்று உறைகளையும் பாயில் பரப்பினார்.

முதலாவது மெத்துமெத்தென்ற நைலான். உஸ்தாத் அதை வெளியிலிருந்து ஒரு விரலால் அழுத்தினார். விசை இருக்கும் இடம்வரை விரல் போய்விட்டது. "இது மோஜா, சாப்" என்று ஓரமாகத் தள்ளினார். மோஜா என்றால் காலுறை. நம் மொழியில் இந்தக் கேலி இன்னும் எடுப்பாக நிற்கும் என்று தோன்றியது.

இரண்டாவது பார்க்க அழகு, தொட அதைவிட அழகு. குரோம் தோல். துப்பாக்கியை உருவியதும் வாய் சப்பிப்போய்விடும். திரும்பச் செருக வேண்டுமென்றால் இடது கையால் வாயைப் பிரித்துப் பிடிக்க வேண்டும், அதாவது குழலைத் தன் கைக்கு நேரே நீட்ட வேண்டும். போதாததற்குக் குரோம் உப்பும் வேர்வையும் சேர்ந்து இரும்பில் புள்ளிபுள்ளியாகத் துரு ஏற்றிவிடும். நண்பர் ராத்திரியிலும் துப்பாக்கியை அந்த உறையிலேயே வைத்திருந்தாராம். உஸ்தாத் தலையில் அடித்துக்கொண்டார். எந்தத் தோல் உறையானாலும் வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை எடுத்துத் துடைத்துத் தனியே பூட்டி வைக்க வேண்டும். தோல் ஈரத்தை விடாது என்றார்.

மூன்றாவது, சூடாக்கி அச்சில் அமுக்கிய பிளாஸ்டிக் தகடு. கைத்தொழில்காரர், பிளாஸ்டிக்கைத் திட்டித் தீர்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பாராட்டினார். விசை முழுக்க மூடியிருக்கிறது, வாய் சப்பாது, ஈரம் குடிக்காது. "ஆனால் இதற்கு உங்கள் இடுப்பு தெரியாது" என்றார்.

அதன் பிறகுதான் விசாரணை தொடங்கியது. காரா, ஸ்கூட்டரா? சட்டையை உள்ளே விடுவீர்களா? கடையில் நாற்காலியா, மெத்தைத் திண்ணையா? கடைசிக் கேள்வியில்தான் குட்டு உடைந்தது. நண்பர் நாள் முழுக்க மெத்தைத் திண்ணையில் சம்மணமிட்டு உட்காருகிறவர். உறையோ இடுப்பின் பக்கவாட்டில், நட்டுவைத்த கம்பம் போல நேராக நிற்கும் தினுசு. சம்மணமிட்டால் தொடை மேலே வந்து குழல்முனையை இடிக்கும், பிடி போய் விலாவில் குத்தும். அந்த உறைகளைச் செய்தவர்கள் எல்லாரும் மனிதன் நின்றுகொண்டே வாழ்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

தீர்ப்பு இது: உறை இடுப்பெலும்பைத் தாண்டிச் சற்றுப் பின்னால், பிடி முன்னோக்கிச் சாய்ந்தபடி, கால்சட்டைக்கு உள்ளே. உடம்பை ஒட்டிய பக்கத்தில் தோல் இரண்டு விரல் உயர்ந்து நிற்க வேண்டும், இரும்பு சதையைத் தொடக் கூடாது. விசையை மூடும் இடமும் வாயும் கெட்டி. அதற்கு முன்னால் பெல்ட்டை மாற்றுங்கள் என்றார். நண்பர் கட்டியிருந்தது கல்யாணத்துக்குப் போகிற மெல்லிய வார். அந்த எடையை அது தாங்காமல் தொங்க, தொங்கியது உராய, உராய்ந்த இடம் காய்த்திருக்கிறது. இரட்டைத் தோல் வைத்துத் தைத்த பெல்ட் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல உறையும் வீண்.

சுகம் என்றால் மென்மை என்று நினைத்துத்தான் நண்பர் முதல் இரண்டு முறை ஏமாந்திருக்கிறார். கடைக்காரர்களும் அப்போது மெத்தென்றதையே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

பட்டையில் பதனிட்ட எருமைத்தோல், மூன்று மில்லிமீட்டர் கனம். வெட்டி, ராம்பி என்கிற அகலக் கத்தியால் ஓரம் சீவி, தண்ணீரில் போட்டார்கள். குமிழி அடங்கும்வரை அது ஊற வேண்டும். குரோம் தோல் இப்படி ஊறி வடிவம் பிடிக்காது, பட்டைத்தோலுக்குத்தான் அந்த ஞாபகசக்தி. தையல் இரட்டை ஊசி. ஒரே மெழுகு நூலின் இரு முனைகளிலும் ஊசி, ஒரே துளையில் இரண்டும் எதிரெதிராகப் போகும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் ஓரிடத்தில் விட்டால் பிரிந்துகொண்டே போகும்.

துப்பாக்கியைப் பட்டறையில் விட்டுப்போக முடியாது. நண்பர் தோட்டாக்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். காகிதத்தில் விளிம்பு வரைந்து, உருளையின் புடைப்பைக் காலிப்பரால் அளந்து, அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மற்றதற்கெல்லாம் ஃபர்மாதான். மரத்தில் கடைந்த கட்டைத் துப்பாக்கி, எடைக்கு உள்ளே ஈயம். ஈரத்தோலை அதன்மேல் எலும்புத் துண்டால் தேய்த்துத் தேய்த்து அமுக்கி, வெயில் காட்டாமல் மின்விசிறியடியில் உலர்த்துகிறார்கள்.

காய்ந்ததும் உஸ்தாத் ஃபர்மாவோடு அதைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்வார். இரண்டு நாள் அவிழ்ப்பதில்லை. தைக்கும்போதும் படியேறும்போதும் சாப்பிட உட்காரும்போதும் அது இடுப்பிலேயே இருக்கும்.

"உங்களுக்கு உரிமம் உண்டா?" என்று கேட்டேன்.

"எதற்கு? என்னிடம் திருட என்ன இருக்கிறது, ராம்பியா?" பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள்.

2014இல் இதே ஊர்த் தொழிற்சாலை நிர்பீக் என்ற பெயரில் பெண்களுக்கென்று அரைக் கிலோ எடையில் ஒரு ரிவால்வர் விட்டது. விலை லட்சத்துக்கு மேல். நகைப்பெட்டி மாதிரியான பெட்டியில் வந்தது. கைப்பைக்குள் அடங்கும் என்றார்கள். அந்தப் பேச்சை எடுத்ததும் உஸ்தாத் முகம் சுளித்தார். பைக்குள் சாவி இருக்கிறது, சீப்பு இருக்கிறது, எது விசையில் மாட்டும் என்று யார் கண்டது? தனி அறை, அதற்குள் உறை, அந்த அறையில் வேறொரு பொருளும் கூடாது. இதற்குச் சம்மதிக்காதவர்களுக்குப் பை தைத்துத் தருவதில்லையாம்.

2019 கும்பமேளாவுக்காகத் தோல் ஆலைகளை மூடியதைப் பற்றிப் பேசும்போது மட்டும் உஸ்தாதின் குரல் தாழ்ந்தது. கங்கைக்காக 1987இல் இங்கே உச்ச நீதிமன்றம் தலையிட்டது, பாலாற்றுக்காக 1996இல் எங்கள் பக்கம். ஆற்றுக்கு அது வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். அதை அந்தப் பாயில் உட்கார்ந்து சொல்ல வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள் மறுபடி போனோம். உஸ்தாத் தெருமுனை டீக்கடையில், பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நகைக்கடைக்காரரைப் போல முதுகை நிமிர்த்தி, மடியில் இல்லாத கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறவரைப் போலக் குனிந்தார், நிமிர்ந்தார். குர்தாவுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கோப்பையை எடுக்கக் கை நீட்டியபோது வலது பக்கம் ஒரு கணம், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு, நெளிந்தார்.

டீயைக் குடித்து முடித்து மாடியேறி, உறையைக் கழற்றி, விலாப்பக்க மூலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"அரை விரல் சீவு" என்று பையனிடம் கொடுத்தார். "நாளைக்கு வாங்க, சாப்."

நண்பருக்கு அவசரம். உஸ்தாத் அதற்குள் கட்டைத் துப்பாக்கியைத் துணியால் துடைக்கத் தொடங்கியிருந்தார்.