ரவுட்டர் கத்தினால் மட்டும் போதுமா?

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வந்தவர்களுக்குத் தெரியும். வட்டம் வட்டமாகப் பிரித்த குவார்ட்டர்ஸ், வீட்டைச் சுற்றித் தோட்டம், பின்னால் ஒரு மாவோ பலாவோ. குடியிருக்க அருமையான ஊர். வைஃபைக்குத்தான் கொஞ்சம் சோதனை! முன் ஹாலில் கிளம்பும் சிக்னல் இரண்டு செங்கல் சுவரையும் ஓர் இரும்பு பீரோவையும் தாண்டிப் பின்கட்டுக்குப் போவதற்குள் களைத்துவிடுகிறது.

அந்தப் பின்கட்டுதான் தாத்தாவின் இடம். சென்னையிலிருந்து நான் வீடியோ கால் செய்தால், என் குரல் அவருக்குப் போய்விடும்; அவர் குரல்தான் எனக்குத் துண்டு துண்டாக வரும். "கேக்குதா பாப்பா?" என்று நாலு தடவை கேட்டுப் பார்ப்பார். நாளடைவில், போன் அடித்தாலே "நீயே பேசும்மா" என்று அம்மாவிடம் நீட்ட ஆரம்பித்தார். அதுதான் எனக்கு வருத்தம்.

"ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டு, பவரை ஏத்திடலாம்க்கா" என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி. ரவுட்டரில் கம்பெனி கொடுத்த மென்பொருளுக்குப் பதிலாக நாமே ஏற்றிக்கொள்ளும் இலவச ஃபர்ம்வேர் அது. 2004-லிருந்து இருக்கிறது. ரவுட்டர் எவ்வளவு சக்தியில் அலைகளை அனுப்ப வேண்டும் என்பதை அதில் மாற்றலாம்.

ஆனால், கணக்கு வேறு மாதிரி. பவரை இரண்டு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்காகாது. தடையே இல்லாத வெளியில்கூட சுமார் 1.4 மடங்குதான். சுவர் குறுக்கிட்டால் இன்னும் குறைவு. அதைவிட முக்கியம், வைஃபை ஒருவழிப் பேச்சு அல்ல. ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு தகவலுக்கும் "வந்துவிட்டது" என்று போன் பதில் சொல்ல வேண்டும். பேட்டரியில் ஓடும் போன் பொதுவாக ரவுட்டரைவிடக் குறைந்த சக்தியில்தான் அனுப்பும். ரவுட்டரை மட்டும் கத்தவிட்டால் போனில் கோடுகள் நிறைய தெரியும். போனின் பதில் ரவுட்டருக்கு எட்டாது.

தம்பிக்கு இதைத் தாத்தாவை வைத்தே விளக்கினேன். அவருக்குக் காது மந்தம், அதனால் உரக்கப் பேசுவார். தெருமுனை வரை கேட்கும். அதற்காக நாம் சொல்வது அவர் காதில் கூடுதலாக விழுந்துவிடுமா?

சட்டமும் உண்டு. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 2005-லிருந்து லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் உச்சவரம்பு 1 வாட். ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்தால் 4 வாட். ஃபர்ம்வேரில் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்து வரம்பைத் தாண்டுவது தவறு. அப்படித் தாண்ட முடிந்த ரவுட்டர்களை விற்றதற்காக, 2016-ல் டிபி-லிங்க் நிறுவனம் அமெரிக்காவில் 2 லட்சம் டாலர் கட்டியது. அதே உடன்பாட்டில், வெளியார் ஃபர்ம்வேருக்கு இடம் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. ஆக, ஃபர்ம்வேர் மேல் குற்றமில்லை.

நாங்களும் அதைப் போட்டோம், பவரை ஏற்ற அல்ல! பரணில் கிடந்த பழைய ரவுட்டரில் ஏற்றி, முன் ஹாலிலிருந்து லேன் கேபிள் இழுத்து, பின்கட்டில் வைத்தோம். பவரை 20-லிருந்து 14 டிபிஎம்-ஆகக் குறைத்தோம். அதாவது 100 மில்லிவாட்டிலிருந்து 25. தாத்தா நாற்காலிக்கு அது தாராளம். முன்பக்கம் போனால் போன் தானாக ஹால் ரவுட்டருக்கு மாறிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு வைஃபைக்கும் தொந்தரவு இல்லை.

இப்போது தாத்தாவே கால் செய்கிறார். காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால் மட்டும், "சிக்னல் இல்ல" என்று கட் பண்ணிவிடுகிறார்.

உங்கள் வீட்டிலும் முயல்வதென்றால், முதலில் ரவுட்டரை பீரோ பக்கத்திலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில், உயரமாக வைத்துப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும். ஃபர்ம்வேர் மாற்றுவதானால் உங்கள் மாடல் எண்ணுக்கு உரிய ஃபைல்தானா என்று இரண்டு முறை சரிபாருங்கள். தப்பான ஃபைல் ஏறினால் ரவுட்டர் எழுந்திருக்காமலே போகலாம். வாரன்டி உள்ள ரவுட்டரில் கை வைக்காதீர்கள்.