காலி பாட்டில் 250, சோடா 20!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, மரத்தூண் என்று கடைக்குக் கடை இழுப்பார்கள். நான் மாட்டிக்கொண்டது ஒரு கோலி சோடா பாட்டிலிடம். தூசியோடு சேர்த்து 250 ரூபாய்!

"உள்ளே சோடா இல்லையே?" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நண்பன்தான், "வாடா, சோடாவோட காட்டுறேன்" என்று இழுத்துப் போனான்.

சோடா ஃபாக்டரி என்றதும் மிரள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு பெரியவர். அவ்வளவுதான். ஒரு பக்கம் கோலி பாட்டில். இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் பாட்டில். இரண்டிலும் அதே பன்னீர் சோடா.

"ருசி கோலியிலதான் தம்பி. பிளாஸ்டிக்குல சப்புனு இருக்கும்" என்றார் பெரியவர்.

பி.காம். படித்தவன் சும்மா விடுவேனா? ஆடிட் செய்துவிட முடிவெடுத்தேன். அன்று காலையில் அடைத்த இரண்டையும் தம்ளர்களில் ஊற்றச் சொல்லி, கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தேன். "இதுதான் கோலி!" என்று அடித்துச் சொன்னேன். அது பிளாஸ்டிக்! பெரியவருக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கும்தான்.

அவர் விடவில்லை. மூலையில் ஒரு மாதமாகக் கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்தார். 'புஸ்' என்ற சத்தம்கூட ஈனஸ்வரத்தில்தான் வந்தது. வெறும் சர்க்கரைத் தண்ணி. பிளாஸ்டிக் வழியாக கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வெயில் பட்டால் இன்னும் வேகமாக. கண்ணாடி வழியாகப் போகாது. அதிலும் கோலியை மேலே தூக்கி ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பிடிப்பதே உள்ளே இருக்கும் கேஸ்தான். கேஸ் போனால் கோலி தானாக விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். 1872-ல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் பேட்டன்ட் வாங்கிய வித்தை இது.

கண்ணாடிக்கும் ஒரு எதிரி உண்டு: வெளிச்சம். பாவம், சோடாவுக்கல்ல, பீருக்கு. அதில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் சத்து வெளிச்சம் பட்டால் மாறி, ஒரு துர்நாற்றம் வரும். பீர் பாட்டில் பழுப்பாக இருப்பது அதைத் தடுக்கத்தான். டின்னில் அடைத்தால் அந்தத் தொல்லையே இல்லை. (கேள்வி ஞானம்தான், நம்புங்கள்!)

"அப்புறம் ஏன் பிளாஸ்டிக்?" என்றேன்.

"கோலி பாட்டில் திரும்பி வரணும் தம்பி. கல்யாண வீட்டுக்கு நாலு டஜன் போனா மூணுதான் வருது. புது பாட்டில் வாங்கிக் கட்டுமா?"

தேய்மானக் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. அவரிடம் மிச்சமிருப்பது இருபத்தேழு பாட்டில். முனீஸ்வரன் கோயில் தெரு விலையைச் சொல்லி, மனசுக்குள் பெருக்கியும் காட்டினேன். 6,750 ரூபாய்!

பெரியவர் இன்னொரு பாட்டிலைக் கவிழ்த்து மிஷினில் மாட்டினார்.

"வித்துட்டா நாளைக்கு எதுல ஊத்துறது? குடிச்சுட்டு பாட்டிலைக் குடுங்க."