பச்சையின் பொருள் யாரிடம் இருக்கிறது?

தரையில் விரித்த சாக்கு, பேட்டரியில் ஓடும் சின்ன மெஷின், மை டப்பா, படங்கள் வரைந்த ஒரு பலகை. கோயில் திருவிழாக்களில் பச்சை குத்தும் கடை இவ்வளவுதான். பலகையில் தேள், வேல், ஓம், சிலுவை, அம்பு துளைத்த இதயம், நடிகரின் முகம் எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும். பெருநகர டாட்டூ ஸ்டூடியோவில் பலகைக்குப் பதில் கணினித் திரை. கையுறையும் புது ஊசியும் உண்டு. இரண்டு இடங்களிலும் வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்? பதிலும் பட்டியலாகத் தயாராக இருக்கிறது. தாமரை தூய்மைக்கு, நங்கூரம் உறுதிக்கு, சிங்கம் வீரத்துக்கு. இந்தத் தொழிலையும் தொழிலாளர்களையும் கவனித்துவரும் எனக்கு அந்தப் பட்டியலில் நம்பிக்கை இல்லை. குத்துபவருக்கும் குத்திக்கொள்பவருக்கும் இடையிலான உறவில்தான் பச்சைக்குப் பொருள் பிறக்கிறது. அந்த உறவு மாறினால் கோடு மாறாமலே பொருள் மாறிவிடும்.

தமிழகத்தில் தலைமுறை தலைமுறையாக ஊசி பிடித்தவர்கள் குறவர் சமூகத்துப் பெண்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல், பச்சை குத்துவதையே அடையாளமாகக் கொண்ட குறவர் பிரிவைக் குறிப்பிடுகிறது. அவர்கள் மை செய்த விதத்தில் பெரிய தொழிலறிவு இருக்கிறது. மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து மெல்லிய துணியில் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரிய விடுவார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியை வழித்துத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள். சேர்த்துக் கட்டிய ஊசிகளை எவ்வளவு ஆழம் இறக்குவது என்பது கை பழகித் தெரிய வேண்டியது. மேலோடு குத்தினால் தோல் உரியும்போது மையும் போய்விடும். ஆழம் கூடினால் கோடு பரந்து உருக்குலையும். வலி மறக்கப் பேச்சுக் கொடுப்பதும் பாடுவதும் வேலையில் சேர்த்திதான். ஊர் ஊராகப் போனவர்கள் ஆதலால், எந்த ஊரில் எந்தக் கோலம், எந்த வீட்டில் கல்யாணம் வருகிறது, யாருக்கு எந்த உரு பொருந்தும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி.

உருக்களை எடுத்துக்கொள்வோம். பழைய பச்சைகளில் முதலிடம் கோலத்துக்கு. புள்ளி வைத்து, கோடு அறுபடாமல் சுற்றி வரும் அதே வாசல் கோலம் முன்கையில் ஏறிவிடும். மானுடவியலாளர் ஜான் லேயர்டு 1937இல் எழுதிய கட்டுரையில் வாசல் கோலங்களையும் பச்சை உருக்களையும் ஒன்றாக வைத்தே ஆராய்ந்தார். வாசலுக்கு எது காவலோ அது உடம்புக்கும் காவல் என்ற நம்பிக்கை அங்கே தெரிகிறது. தேளுக்கோ ஒரே விளக்கம் கிடையாது. விஷம் அண்டாது என்பார் ஒருவர். வலி போகக் குத்தினார்கள் என்பார் இன்னொருவர். அழகு, வேறென்ன என்பார் மூன்றாமவர். நீலகிரித் தொதவப் பழங்குடிப் பெண்கள் குத்திக்கொண்டவை பெரும்பாலும் புள்ளிகளும் வளையங்களும்தான். அவற்றின் வடிவத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பொருள் கிடைக்காது. குத்தியவரிடமும் குத்திக்கொண்டவரிடமும்தான் கேட்க வேண்டும்.

அதிகாரத்தின் கைக்கு ஊசி போனபோது நடந்தது இதற்கு வலுவான சான்று. 1797 முதல் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி, தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தியது. 1849இல்தான் அது ஒழிந்தது. அம்மா மகளுக்குக் காவலாகக் குத்திவைத்த அதே முறை அங்கே அவமானச் சின்னமாயிற்று. நம் காலத்தில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். தொண்டருக்கு அது பாசம். மறுத்தவர்களுக்கு அது கட்டாயம். படம் ஒன்றுதான், கேட்கும் இடம் வேறு.

இதற்கு மறுப்புகள் உண்டு. பழைய பச்சையிலும் கட்டாயம் இருந்தது, சிறுமிகளின் சம்மதத்தை யார் கேட்டார்கள் என்பது முதலாவது. உண்மைதான், அதை மறைத்துப் பழமையைப் போற்றுவது நேர்மையாகாது. ஆனால் ஒரே கோலம் ஒருத்திக்குப் பெருமையாகவும் இன்னொருத்திக்குத் திணிப்பாகவும் இருக்க முடிகிறது என்றால், பொருளைத் தீர்மானிப்பது உறவுதான் என்றே ஆகிறது. இரண்டாவது மறுப்பு சுகாதாரம் பற்றியது. ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. தொற்றலாம். பச்சை குத்தியவர் 12 மாதம் ரத்ததானம் செய்யக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் இந்திய வழிகாட்டு நெறிகள் சொல்வதும் அதனால்தான். இதில் சமரசம் கூடாது. ஆனால் புது ஊசியும் கையுறையும் கொடுத்துப் பழக்கினால் தீரும் குறை அது; தொழிலாளியையே விலக்கக் காரணம் ஆகாது. ஸ்டூடியோக் கலைஞரிடம் உறவு இல்லையா என்பது மூன்றாவது. இருக்கிறது. இறந்துபோன அப்பாவின் கையெழுத்தைக் கொண்டுவருகிறவரிடம் உட்கார்ந்து பேசி, அளவும் இடமும் முடிவு செய்யும் கலைஞர், குறவர் பெண் செய்ததையே செய்கிறார். பட்டியலைக் காட்டிக் காசு வாங்குவதோடு நிறுத்திக்கொள்கிறவரிடம்தான் அது இல்லை.

ஆகவே உருக்களைப் படம் பிடித்துப் புத்தகமாக்குவது மட்டும் இந்தக் கலையைக் காப்பதாகாது; ஊசி பிடித்தவர்களுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். 1871இல் வந்து, 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறையான குற்றப் பரம்பரைச் சட்டம் குறவர்களையும் தன் பிடிக்குள் கொண்டுவந்து, அவர்கள் நடமாட்டத்தைக் காவல்துறையின் கண்காணிப்புக்குள் வைத்தது. ஊர் ஊராகப் போவதே பிழைப்பாக இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி! இந்திய அளவில் 1952இல் சட்டம் நீங்கியது. அதன் கறை இன்னும் நீங்கவில்லை. இன்று அந்தக் கோலங்களைப் ‘பாரம்பரிய டிசைன்’ என்று விலைக்கு விற்கிறோம். அவற்றைச் சுமந்து வந்தவர்களைத் தெருவோரத்தில் உட்கார வைத்திருக்கிறோம். அவர்களுக்குச் சுகாதாரப் பயிற்சியும் உரிமமும் உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடமும் தர வேண்டும். உருக்களைப் பதிவு செய்யும்போது அவர்கள் சொல்லும் விளக்கத்தையும், அவர்கள் விரும்பினால் அவர்கள் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். அர்த்தம் கேட்பவர்கள் முதலில் அவர்களிடம் போய்க் கேட்கட்டும்.