சாமான் வளையமும் உயிர் வளையமும்

பெங்களூரில் பனிக்கட்டி என்றால் கரும்புச்சாற்றுக் கடையில் காண்பதுதான். மலையேறுவோருக்கும் இங்கே கிடைப்பது கருங்கற்பாறையே. அப்படியிருக்க, பனிச்சுவரில் ஏறுவதற்கு வேண்டிய ஒரு சிறு பிளாஸ்டிக் கொக்கிக்காக எங்கள் வீட்டார் ஒரு மாதம் தலையைப் புண்ணாக்கிக்கொண்டோம் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். அந்தக் கொக்கி கற்பித்த பாடம் பெரிது. ஆகையால் எழுதத் துணிந்தேன்.

என் தம்பி, உத்தரகாசியில் 1965-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் பயின்றவன். அங்கே கருவிகளை நிலையத்தாரே கொடுத்தார்கள். சென்ற குளிர்காலத்தில் நண்பர்களுடன் இமாசலப் பிரதேசத்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் உறைந்து நிற்கும் நீர்வீழ்ச்சிகளில் ஏற அவன் புறப்பட்டபோது, எல்லாவற்றையும் சொந்தமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

பனிச்சுவரில் ஏறுகிறவன் தன் கயிற்றைப் பூட்டுவதற்கு ஐஸ் ஸ்குரூ என்னும் திருகைப் பயன்படுத்துகிறான். உள்ளே துளையுள்ள உலோகக் குழாய் அது. நுனியில் கூரிய பற்கள்; வெளியே மரை; தலைப்பில் கயிற்றுக் கொக்கியை மாட்டக் காது. 10 சென்டிமீட்டர் முதல் 22 சென்டிமீட்டர் வரை பல நீளங்களில் கிடைக்கிறது. ஒரு கையால் பனிக்கோடரியைப் பற்றித் தொங்கிக்கொண்டு, மற்றொரு கையால் இடுப்பிலிருந்து இதை எடுத்துப் பனியில் முடுக்க வேண்டும். அந்தக் கையிலோ தடித்த உறை. துணி வளையத்தில் சாதாரணக் கொக்கியால் மாட்டினால் திருகுகள் ஆடி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ஆகவேதான் இடுப்பு வாரில் விறைப்பாக நிற்கும் தனி மாட்டி தேவைப்படுகிறது.

மாட்டிகளில் இருவகை உண்டு. ஒன்று, இடுப்பு வாரிலேயே அதற்கெனத் தைத்துள்ள பொந்தில் நுழைத்துப் பொருத்துவது. அது இருந்த இடத்தைவிட்டு அசையாது. மற்றது, சிறு பட்டையால் வாரைச் சுற்றிக் கட்டுவது. எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். தம்பியின் வாரில் பொந்துகள் இருந்தன. ஆயினும் நான்தான், “நகர்த்தக்கூடியதை வாங்கு, பின்னால் உபயோகப்படும்” என்றேன். அதை வயிற்றுக்கு நேரே கட்டச் சொன்னவனும் நானே. கருவி கண்ணெதிரில் இருப்பது நல்லதுதானே என்பது என் எண்ணம். மலையேறத் தெரியாதவனின் யோசனை அது. அண்ணன் சொல்லைத் தட்டக்கூடாது என்று தம்பியும் கட்டிக்கொண்டான்.

அன்றிரவு அம்மா அந்த வாரைக் கையில் எடுத்துப் பார்த்து, “இந்தக் கொக்கி உன்னைத் தாங்குமா?” என்று கேட்டார்கள்.

“இல்லை அம்மா. இது திருகைத்தான் தாங்கும். சில கிலோவுக்கு மேல் தாளாது. பக்கத்திலுள்ள துணி வளையங்களும் சாமானுக்குத்தான். என்னைத் தாங்குவது இந்த நடு வளையம் ஒன்றே” என்று முன்புறத் தையல் வளையத்தைக் காட்டினான். 15 கிலோநியூட்டன், அதாவது சுமார் 1500 கிலோ எடைக்குச் சமமான இழுவையில் சோதிக்கப்படுவது அது. அன்றுமுதல் எங்கள் வீட்டில் அதற்கு உயிர் வளையம் என்று பெயர்.

“அப்படியானால் அதில் சிவப்பு நூலால் ஓர் அடையாளம் தைத்துவிடட்டுமா?” என்றார்கள் அம்மா.

“ஊசி படவே கூடாது அம்மா, இழை பலமிழக்கும்” என்று தடுத்தான். அடையாளம் வைக்கும் பேச்சு அத்துடன் நின்றது.

அடுத்த ஞாயிறன்று பயிற்சிக்காக இராமநகரத்துப் பாறைகளுக்குச் சென்றார்கள். “ஷோலே” படம் எடுத்த அதே இடம். நானும் உடன் போய், பின்பக்க ஒற்றையடிப் பாதையால் உச்சியை அடைந்தேன். பழக்கத்திற்காகத் தம்பி கனத்த கையுறை அணிந்திருந்தான். கயிற்றில் இறங்கும் கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, அதுவரை தன்னைப் பாறையோடு பிணைத்திருந்த வாரைக் கழற்றக் கையைக் கொண்டுபோனான். நான் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“நில்லு!” என்றார் அவனுடைய கன்னட நண்பர். இரு மொழிக்கும் பொதுவான அந்தச் சொல் என் காதில் இன்னும் ஒலிக்கிறது. இறங்கு கருவியின் கொக்கி உயிர் வளையத்தில் இல்லை. அதை ஒட்டி நான் கட்டச் சொன்ன மாட்டியின் பட்டையில் இருந்தது. தடித்த உறைக்குள் விரலுக்கு வேற்றுமை தெரியவில்லை. வாரைக் கழற்றிப் பின்னால் சாய்ந்திருந்தால் அந்தப் பட்டை அறுந்திருக்கும். கீழே ஏறத்தாழ அறுபது அடிப் பாறை.

வீடு திரும்பும்வரை எங்களிடையே பேச்சில்லை. மறுநாளே பட்டை மாட்டியை நீக்கிவிட்டுப் பொந்தில் பொருத்தும் மாட்டிகள் இரண்டு வாங்கினோம். குளிர்காலச் சட்டை முழுவதும் அணியச் செய்து இடம் பார்த்தோம். முழங்காலை உயர்த்தினால் இடிக்காமல், இடுப்பெலும்புக்குச் சற்றே பின்னால், பக்கத்துக்கு ஒன்று. முதுகுப்பையின் பட்டை அதை மூடவில்லையா என்றும் பார்த்தோம். திருகுகள் யாவும் ஒரே பக்கம் நோக்கி, பற்கள் கீழும் பின்னும் இருக்கத் தொங்கவேண்டும். ஏறத் தொடங்கும்வரை பற்களின் மேல் மூடி இருக்கட்டும். கடுங்குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கக்கூடும். ஆதலால் விரிசல் உண்டா என்று ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் பார்க்கவேண்டும். அம்மா தம் சிவப்பு நூலை உயிர் வளையத்தில் அன்று, மாட்டிகளின் மேல் சுற்றிக் கட்டினார்கள்: சிவப்பு கண்டால் சாமான் மட்டும்!

இரயில்வே அலுவலகத்தில் நான் எழுதும் கணக்கை வேறொருவர் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பிறகே ஏடு மூடப்படும். அது என்மேல் அவநம்பிக்கை என்று இளமையில் வருந்தியதுண்டு. இப்போது வருந்துவதில்லை. மலையிலும் அதுவே முறை. இறங்குமுன் தோழன் ஒவ்வொரு கொக்கியையும் கையால் இழுத்துப் பார்க்கவேண்டும். பாதுகாப்பு வாரைக் கழற்றுமுன் இறங்கு கருவியில் தன் எடையைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

தம்பி ஸ்பிதி சென்று நலமே திரும்பினான். நம் பிள்ளைகள் மலையேற விரும்பினால் தடுக்க வேண்டா. அவர்களுடைய கருவிகளை நாம் தேர்ந்தெடுக்கவும் வேண்டா. அந்தத் தவற்றை நான் செய்து பார்த்துவிட்டேன். புறப்படும் நாளில் இடுப்பு வாரை எடுத்து வைத்து, அம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், அது போதும்.