கலர் பாட்டில்

எனக்கு ரெண்டு வயசு இருக்கும்போது மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டேன். 1990ஆம் வருஷம். எனக்கு அது கொஞ்சமும் ஞாபகமில்லை, எங்கள் தெருவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆட்டையாம்பட்டியில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ஒரு பெரியம்மா என் கன்னத்தைத் தடவி, "சீமெண்ணெ குடிச்ச பையன்தானே நீயி?" என்று கேட்டுவிடும். அடுத்த வரி எப்போதும் அம்மாவைப் பார்த்துத்தான் வரும். "கொஞ்சம் பாத்திருக்கலாம்ல?"

அம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டும். எனக்கும் அது வெறும் பழைய கதைதான். இந்த வருஷம் பொங்கல் லீவு வரைக்கும்.

பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தோம். செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தது. நான் திண்ணையில் லேப்டாப்போடு மீட்டிங்கில் இருந்தேன். மனைவி குளிக்கப் போயிருந்தாள். ரெண்டரை வயசு மகள் உள்ளறையிலிருந்து ஒரு மிட்டாய் டப்பாவை ஆட்டிக்கொண்டே வந்தாள். கிலுகிலுவென்று சத்தம். வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

டப்பாவில் இருந்தது அம்மாவின் சக்கரை மாத்திரை. நாப்பது வருஷம் கைமுறுக்கு சுற்றிய விரல்கள் இப்போது சரியாக மடங்குவதில்லை. தினமும் அட்டையிலிருந்து பிதுக்க முடியாமல், வாரத்துக்கு ஒரு தடவை என் அப்பாவை விட்டு ஏழு மாத்திரையைப் பிதுக்கி டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளும். "ஞாயித்துக்கெழம ராத்திரி ஏழு போட்டாரு. நேத்து ஒண்ணு, இன்னிக்கி ஒண்ணு நான் போட்டுட்டேன். அஞ்சு இருக்கணும் தம்பி." நாலுதான் இருந்தது.

அப்போது என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. "கொஞ்சம் பாத்திருக்கலாம்லம்மா?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மாத்திரை அட்டையைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தது. அன்றைக்கு எங்களில் யாரும் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அட்டையைத்தான் முதலில் கேட்டார். கிளிமிபிரைடு. கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. பெரியவர்களுக்கு மருந்து, சின்னக் குழந்தைக்கு ஒரே ஒரு மாத்திரைகூட ஆபத்து. உடனே ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்துக்கூட ரத்தச் சக்கரை சரியலாம், அதனால் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். மகள் பெட்டில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. மூணு மணி நேரத்தில் சக்கரை 52க்கு இறங்கியது. குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்ற நிம்மதிதான் இதில் பெரிய பொறி. மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பசையும் இப்படித்தான். முதலில் கொஞ்சம் வாந்தி, பிறகு ஒன்றிரண்டு நாள் எல்லாம் சரியானது போல இருக்கும், அதற்குப் பிறகு ஈரல் கெடும். மாற்று மருந்து கிடையாது. அந்தப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது அதனால்தான்.

ராத்திரி தூக்கம் வராமல் போனில் படித்துக்கொண்டிருந்தேன். என் பழைய கதை அங்கேதான் விளங்கியது. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட நுரையீரலில் செய்கிற கேடுதான் பெரிது. வாந்தி எடுக்க வைத்தால் அது மறுபடி மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்க இன்னொரு வாய்ப்பு. எனக்கு அன்றைக்கு அக்கம்பக்கத்தார் உப்புத்தண்ணி கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். நான் பதினொரு நாள் நிமோனியாவில் கிடந்தேன். நல்ல மனசோடுதான் செய்தார்கள்.

ஹென்றி ப்ரோ என்ற குழந்தை மருத்துவரைப் பற்றியும் படித்தேன். கனடாவில் வின்ட்சர் என்ற ஊர்க்காரர். மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிற குழந்தைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர். அம்மாக்களுக்கு அறிவுரை சொல்வதோடு அவர் நிற்கவில்லை. மூடியை மாற்றச் சொன்னார். 1967இல் அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கிற மூடி வந்தது. அவர் பகுதியில் குழந்தைகள் மாத்திரை விழுங்கி வருவது பத்தில் ஒன்றாகக் குறைந்தது. 1970இல் அமெரிக்கா இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது.

என் ஆபீஸில் சர்வர் விழுந்தால் மறுநாள் ஒரு கூட்டம் போடுவோம். பெயர் போஸ்ட்மார்ட்டம். அதில் யார் செய்தது என்று கேட்கக் கூடாது என்பது விதி. ஒரு ஆள் கை தவறினால் மொத்தமும் விழுகிற மாதிரி ஏன் கட்டி வைத்தோம் என்றுதான் கேட்க வேண்டும். பத்து வருஷமாக ஜூனியர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் என் வாயில் வந்தது தெருக்காரர்களின் கேள்வி. அந்த நேரத்தில் நானும்தான் வீட்டில் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

விடியற்காலையில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதுவே பேசியது.

"அன்னிக்கி பைப்புல தண்ணி வந்துருச்சு. ரெண்டு கொடம் புடிச்சுட்டு வரங்காட்டியும் நீ குடிச்சுட்ட. ரேசன்ல வாங்குன சீமெண்ணெயக் கலர் பாட்டில்ல ஊத்தி வெச்சிருந்துச்சு. கலர்னு நெனச்சுட்ட நீ."

"யாரும்மா ஊத்தி வெச்சது?"

அம்மா பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா, "நாந்தான். டின்னு ஒழுகுச்சு" என்றார். முப்பத்தஞ்சு வருஷமாக யாரும் அவரை அதைக் கேட்டதில்லை.

மறுநாள் மகளோடு வீடு திரும்பினோம். அப்பா ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாள் வாங்கி வந்து, சுவர் அலமாரியின் மேல்தட்டில் அடித்து, மாத்திரை, பினாயில், ஆசிட் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டினார். நான் 108க்குக் கீழே, எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற நம்பரை மார்க்கரில் எழுதி ஒட்டினேன். ராத்திரியும் எடுப்பார்கள், காசு கிடையாது.

அம்மா வந்து கையை நீட்டிப் பார்த்தது. எட்டவில்லை.

"நான் ஸ்டூல் போட்டு ஏறணும். நான் ஏறுனா அதும் ஏறும்."

அப்பா ஒன்றும் பேசாமல் ஆணியைப் பிடுங்கி, ஒரு தட்டு கீழே இறக்கி, அம்மாவின் கைக்கு அளவு பார்த்து மறுபடி அடித்தார்.