வாலடியில் ஒரு வார்

கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்குப் போகும் மலைப்பாதையில் கோவேறு கழுதைகளைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவை மூச்சிரைக்க ஏறுவதைத்தான் பார்க்கிறார்கள். நான் இறங்குவதைப் பார்க்கச் சொல்வேன். பாதை ஏறக்குறைய 16 கிலோமீட்டர். கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். கௌரிகுண்டு 2,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே. திரும்பும் வழியில் ஒவ்வொரு படியிலும் முன்கால் தாழ, முதுகுச் சேணம் கழுத்துப் பக்கமாக வழுக்கப் பார்க்கிறது. அதைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு வார். சேணத்தின் பின்விளிம்பில் தொடங்கி, முதுகுத்தண்டின் மேலாக ஓடி, வாலின் அடியைச் சுற்றி வளையமாக முடிகிறது. இந்திக்காரர்கள் இதைத் தும்ச்சி என்கிறார்கள். நாம் வால்வார் என்று வைத்துக்கொள்ளலாம். சேணத்தோடு சேர்ந்த பொருள்களிலேயே மிகத் தேர்ந்த கைவேலை இந்தச் சின்ன வாருக்குத்தான் வேண்டும் என்பது என் வாதம். ஆனால் மலைப்பாதைகளில் இந்த இடத்தில்தான் ஒரு துண்டு நைலான் கயிற்றைக் கட்டிச் சமாளிக்கிறார்கள்.

வாலின் மேற்புறம் அடர்ந்த முடி. கீழ்ப்புறத்தில் முடியே இல்லை. அங்குள்ள தோல் மெல்லியது, வியர்வையும் சாணமும் படுவதால் எப்போதும் ஈரமாக இருப்பது. சேணம் முன்னால் தள்ளும் விசை முழுவதும் வந்து விழுவது அந்தத் தோலின் மேல். மெல்லிய கயிறு அங்கே கத்திபோல் வேலை செய்யும். அதனால்தான் பழைய சேணத் தொழிலாளிகள் வளையத்தை விரல் பருமனுக்கு மேல் உருட்டித் தைத்தார்கள். உள்ளே ஆளிவிதையை அடைத்தார்கள். விதையின் எண்ணெய் உள்ளிருந்தே தோலில் ஊறி அதைக் காய்ந்து விறைக்காமல் வைத்திருக்கும். தையல் வரி வால் பக்கம் வராமல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். வெறும் பட்டறை அறிவாகத் தோன்றும் இந்த மூன்றுமே விலங்கின் உடலைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டவை.

இந்தப் பட்டறை அறிவு நம் நாட்டில் இல்லாதது அல்ல. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவக் குதிரைகளுக்குச் சேணம் செய்ய 1860களில் கான்பூரில் அரசுத் தொழிற்சாலை வந்தது. அதைச் சுற்றி ஊரே தோல் நகரமாகியது. கான்பூர்ச் சேணங்களுக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. ஐரோப்பிய, அமெரிக்கக் குதிரை லாயங்களுக்கு அவை ஏற்றுமதியாகின்றன. கான்பூரில் எருமைத்தோலைக் கருவேலம்பட்டையில் பதனிட்ட மரபு, நம் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்டதற்கு உறவுமுறை. நல்ல வாரைக் கையால் தைக்கும் முறையைக் கவனித்தால் அதன் விலைக்குக் காரணம் புரியும். தேன்மெழுகு பூசிய ஒரே நூல், அதன் இரு முனையிலும் இரண்டு ஊசிகள். குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் ஊசி நுழைகிறது. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்து நிற்கும். இயந்திரத் தையலோ ஓரிடத்தில் விட்டால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். செங்குத்துச் சரிவில் வார் அறுந்தால் சேணத்தோடு ஆளும் கழுத்தின் மேல் சரிவார். கான்பூரில் விரல்கள் காய்த்துப்போகத் தைப்பவரின் உழைப்பு கடல் கடந்து போகிறது. கான்பூர் இருக்கும் உத்தரப் பிரதேசத்தை ஒட்டிய மலைகளில் கோவேறு கழுதைக்கு அது கிடைப்பதில்லை. எனக்கு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சேணம் சரியாகப் பொருந்தினால் வால்வாரே வேண்டாம், வயிற்றுவாரை இறுக்கினால் போதும் என்பார்கள் குதிரையேற்றம் தெரிந்தவர்கள். தோள்மேடு நன்கு எழும்பிய குதிரைக்கு, சமதரையில், அது உண்மைதான். கோவேறு கழுதைக்குத் தோள்மேடு தாழ்வு, உடல் பீப்பாய்போல் உருண்டது. சேணம் தடுத்து நிற்க இடமில்லை. இறுக்க இறுக்க விலா எலும்புகள் விரிய முடியாமல் போகும். கேதார்நாத் உயரத்தில் காற்றழுத்தமே கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே மூச்சை இறுக்குவது எந்த வகையில் தீர்வாகும்? பொருந்தாத சேணத்தை வால்வார் சரிசெய்துவிடும் என்று நம்புவதும் அதே அளவு தவறு. முதலில் சேணம், பிறகு வார். வால்வாரைவிடத் தொடையின் பின்புறம் சுற்றி வரும் அகலப் பட்டை மேல் என்ற வாதத்தை, மூட்டை சுமக்கும் விலங்குக்கு நான் ஒப்புக்கொள்கிறேன். விசை அகன்ற இடத்தில் பரவுகிறது. ஆனால் மணிக்கணக்கில் ஆளைச் சுமந்து நடக்கும் விலங்குக்கு அந்தப் பட்டை ஒவ்வோர் அடிக்கும் தொடையில் உரசும்.

ஏழைக் கழுதைக்காரர் தோல்வாருக்கு எங்கே போவார் என்ற கேள்விதான் கனமானது. புண்பட்ட விலங்கு வேலைக்குப் போகாத நாள்களின் கூலியைக் கணக்கிட்டால் கயிறுதான் அதிக விலை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கணக்கைப் போடும் வசதி யாத்திரைப் பருவத்தில் நாள்கூலிக்கு ஓடுபவருக்கு இருக்காது. ஆகவே பொறுப்பு பாதையை நடத்துபவர்களுக்கும் உண்டு. 1965ஆம் ஆண்டு விதிகள் கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்று சுமைக்கு எல்லை வகுத்தன; எடையை நிறுத்துப் பார்க்கும் இடத்திலேயே வாலைத் தூக்கி அடியில் பார்க்க ஒரு நிமிடம் போதும். கயிறு மட்டுமே இருக்கும் இடத்தில் பழைய பருத்தித் துணியைப் பருமனாகச் சுற்றி, தினமும் துவைத்துக் காயவைக்கலாம். வாருக்கும் முதுகுக்கும் இடையே ஓர் உள்ளங்கை நுழையும் தளர்வு வேண்டும். வளையத்தின் ஒரு பக்கத்திலாவது கொக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாலை மடக்கித்தான் திணிக்க முடியும். அப்போது உள்ளே அகப்படும் நாலு முடி இறங்கும் வழி முழுதும் தோலை அறுத்துக்கொண்டே வரும்.